‘நீங்க ப்ரிவிலேஜ்டு’ன்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சுதா?

காவிரிக்கரை:
ஆபீஸ்ல டீ குடிக்கும்போது நீட் பத்திப் பேச்சு வந்தது. “கோச்சிங் போனாலும் அவன் உக்காந்து படிச்சாத்தானே மார்க்”னு சொன்னேன். பக்கத்து சீட் பையன், “அண்ணே, நீங்க ப்ரிவிலேஜ்டு, உங்களுக்குப் புரியாது”ன்னுட்டு எழுந்து போயிட்டான். அதாவது பொறப்பிலேயே அனுகூலம் வாய்ச்சவனாம் நான். எங்கப்பா கூட்டுறவு சங்கத்துல எழுத்தர். கடைசி வரைக்கும் வாடகை வீடு. எனக்கு ஸ்கூல் பீஸ் கட்ட அம்மா வளையலை அடகு வெச்சாங்க. நான் என்ன ஜமீன் வாரிசா? இந்த வார்த்தையை யாரைப் பாத்து வேணும்னாலும் வீசலாமா?

தறிக்காரன்:
ஜமீன்னு அந்தத் தம்பி சொல்லலைங்களே. அடகு வெக்க வளையல் இருந்துச்சு, ஒண்ணாந்தேதியானா அப்பாவுக்குச் சம்பளம் வந்துச்சு. எங்கூட்ல கூலிக்குத் தறி ஓட்டுனோம். நூல் வரலைன்னா தறி நிக்கும், தறி நின்னா மளிகைக் கடையில கடன். நீங்க பட்டது கஷ்டமே இல்லைன்னு சொல்ல வரலைங்க. உங்க கஷ்டத்துக்குக் கீழ ஒரு தரை இருந்துச்சு, அவ்வளவுதான்.

நடுப்பக்கம்:
வந்துட்டாங்கய்யா, கஷ்டத்தை எடைபோட! இந்தச் சொல்லை இப்போதைய அர்த்தத்தில் பரவலாக்கினவர் பெக்கி மெக்கின்டாஷ் என்ற அமெரிக்கப் பெண்ணிய ஆய்வாளர். 1988இல் எழுதிய கட்டுரையில், வெள்ளைக்காரியாக இருப்பதால் அன்றாடம் தனக்குச் சும்மா கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். கவனிக்கவும், *தனக்கு*. தன்னைப் பார்த்துக் கேட்க வேண்டியதை நம்ம ஆட்கள் அடுத்தவன் நெற்றியில் ஒட்டுகிறார்கள். ட்விட்டரில் பாருங்கள், ஐபோன் வைத்திருந்தால் ப்ரிவிலேஜ், அப்பா உயிரோடு இருந்தால் ப்ரிவிலேஜ். எல்லாரிடமும் இருப்பதற்கு எதற்கு ஒரு பெயர்?

அகல்யா_எஸ்:
எல்லார்கிட்டயும் இல்லை சார், அதான் விஷயமே. நானும் என் டீம்ல ஒரு பொண்ணும் ஒரே சமயத்துல சென்னையில வீடு தேடினோம். ஒரே சம்பளம். அவளுக்கு ரெண்டாவது போன்காலிலேயே வீடு அமைஞ்சுது. என்கிட்ட முதல் கேள்வி “எந்த ஊர்?” அடுத்தது “ஊர்ல எந்தப் பக்கம்?” அதுக்கப்புறம் “வீட்ல என்ன சமைப்பீங்க?” கடைசியில “சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, வீடு இல்லை.” இவ்வளவுக்கும் அவ ஒரு தப்பும் பண்ணலை. அந்தக் கேள்வியெல்லாம் அவகிட்ட யாரும் கேக்கலை. பணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அவளைவிட ஒரு மாச அட்வான்ஸ் கூடவே தர்றேன்னு சொல்லிப் பாத்தேன்.

காவிரிக்கரை:
மேடம், நீங்க சொல்றது அநியாயம், மறுக்கலை. என்கிட்டயும் “நான்வெஜ்ஜா?”ன்னு கேட்டிருக்காங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. தமிழ்நாட்டுல இடஒதுக்கீடு 69 சதவீதம். அதுல சீட் வாங்கினவங்களைப் பாத்து ஏன் யாரும் ‘ப்ரிவிலேஜ்டு’ன்னு சொல்றதில்லை?

மின்னல்_மதுரை:
பொண்ணுங்களுக்கு பஸ் ப்ரீ. அதையும் சேத்துக்கங்க 😄

அகல்யா_எஸ்:
@மின்னல்_மதுரை ராத்திரி பத்தரைக்கு வெள்ளை போர்டு டவுன் பஸ்ஸுக்காகத் தனியா ஸ்டாப்புல நின்னு பாத்துட்டு வந்து சேருங்க.

@காவிரிக்கரை அந்த 69ல 30 பிசி, 20 எம்பிசி. நீங்க எந்தக் கணக்குல வர்றீங்கன்னு கேக்கலை. ஆனா ‘கோட்டா’ன்னு முணுமுணுக்கும்போது ஆபீஸ்ல எல்லார் கண்ணும் அந்த 18 சதவீதத்து எஸ்சி பக்கம் மட்டும்தான் திரும்பும். மத்தவங்க வாங்கின சீட்டை யாரும் நினைவுல வெச்சுக்கறதே இல்லை.

சாக்பீஸ்:
நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியர். 7.5 சதவீத உள்ஒதுக்கீடு பற்றிச் சொல்கிறேன், காவிரிக்கரை சார் கேட்டதற்கு அதில் பதில் இருக்கிறது. 2020இல் சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி இடம். முதல் கவுன்சலிங்கில் என்ன நடந்தது தெரியுமா? தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் பணம் கட்ட வழியில்லாமல் வேண்டாம் என்று திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. சீட்டைக் கையில் கொடுத்த பிறகும் உள்ளே போக முடியவில்லை. இதைச் சலுகை என்று நீங்கள் சொல்லலாம், ப்ரிவிலேஜ் என்று எப்படிச் சொல்வது? உங்கள் பிள்ளைக்கு சீட் கிடைத்தால் வங்கி மேலாளரிடம் பேச வீட்டில் ஒருவர் இருப்பார். என் மாணவன் வீட்டில் கல்விக் கடன் விண்ணப்பத்தை வாசிக்கவே ஆள் இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. என் சக ஆசிரியர்களில் பலர் தங்கள் பிள்ளைகளை நாங்கள் பாடம் நடத்தும் பள்ளியில் சேர்ப்பதில்லை.

தறிக்காரன்:
சார் சொல்றது நூத்துக்கு நூறுங்க. எங்கக்கா முதல் பட்டதாரி சான்றிதழ் வெச்சு இன்ஜினியரிங் சேந்துச்சு. வீட்டுல ஒருத்தருக்குத்தானுங்க அது, எனக்குக் கிடைக்கலை. ஆனா கவுன்சலிங்ல எந்தக் காலேஜ் போடணும், எதைப் போடக்கூடாதுன்னு அக்கா உக்காந்து சொல்லிக் குடுத்துச்சு. அக்காவுக்குச் சொல்ல ஆளில்லாம பேர் கேக்காத காலேஜ்ல போய் மாட்டுச்சு. பீஸ் சலுகை அதுக்கு, ப்ரிவிலேஜ் எனக்கு. நான் இப்படித்தானுங்க புரிஞ்சு வெச்சிருக்கேன்.

நடுப்பக்கம்:
சரி, யாருக்கு உண்டு யாருக்கு இல்லை என்று அளக்கிறது யார்? அரசாங்கத்துக்கே குழப்பம். மத்திய அரசுக் கணக்கில் ஓபிசி குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சம் தாண்டினால் கிரீமி லேயர், அதாவது வசதியானவன், ஒதுக்கீடு கிடையாது. பொதுப் பிரிவில் 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் ஏழை, ஈடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு) சான்றிதழ் உண்டு. ஒரே தொகை, இவனுக்கு வசதி, அவனுக்கு வறுமை!

அகல்யா_எஸ்:
தொகைதான் ஒண்ணு, கணக்குப் போடற விதம் வேற. கிரீமி லேயர் வருமானக் கணக்குல பெற்றோர் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. ஈடபிள்யூஎஸ்ல எல்லாமே சேரும். ஆனா உங்க எரிச்சலுக்கு வேற நியாயமான இடம் இருக்கு. இந்த ஈடபிள்யூஎஸ் ஒதுக்கீட்டுக்காக 2019ல அரசியல் சட்டத்துல 103ஆவது திருத்தம் போட்டாங்க. 2022 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் 3க்கு 2ன்னு செல்லும்னு சொல்லிடுச்சு. மறுத்த ரெண்டு பேர், தலைமை நீதிபதி யு.யு. லலித்தும் ரவீந்திர பட்டும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி ஏழைகளை வெளிய நிறுத்தினது தப்புன்னாங்க. ஏழைகளுக்கான ஒதுக்கீட்டுல நாட்டுல ஏழைங்க அதிகமா இருக்கற பிரிவுகளுக்கே இடமில்லை. அதை எதிர்த்து எழுதுங்க, நானும் கூட வர்றேன்.

காவிரிக்கரை:
இதெல்லாம் சரி மேடம். நீங்க ரெண்டு பேரும் சாரும் சொன்னதைப் பொறுமையா படிச்சேன். ஏன்னா நீங்க நடந்ததைச் சொன்னீங்க. அந்தப் பையன் ஒரு வார்த்தையைச் சொல்லிட்டுப் போயிட்டான். கோச்சிங்குக்கு எவ்வளவு கட்டினீங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், என் பொண்ணுக்கு ஒன்றரை லட்சம் கட்டினேன்னு.

தறிக்காரன்:
ஒன்றரை லட்சமுங்களா! தினம் பத்துப் பேருக்கு முதல்லேர்ந்து விளக்கணும்னா அந்தத் தம்பிக்கும் சலிக்குமில்லைங்க.

நடுப்பக்கம்:
சாக்பீஸ் சார், உங்களுக்கு ஒரு கேள்வி. 7.5இல் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் ஏன் இல்லை? அங்கேயும் கூலி வேலை செய்பவர் பிள்ளைதானே படிக்கிறது?

சாக்பீஸ்:
அது நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் இரண்டு பள்ளிக்கும் நடுவில் ஒரு தெருதான். அண்ணன் எங்களிடம், தம்பி எதிரே. தம்பிக்கு 7.5 கிடையாது. நீதிமன்றம் வரை போனார்கள், சேர்க்கவில்லை. எதிர்ப் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்பிலேயே எங்களிடம் சேர்க்க வரும் பெற்றோர் இப்போது கூடியிருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வருகிறார்கள். தெரியாதவர்கள் பிளஸ் டூ முடித்த பிறகு வந்து கேட்கிறார்கள்.