'பல்' என்று எழுதினால் 'பல்லு' என்று படிக்கிறாள். திருத்தலாமா?

தாழம்பூ (கோவை):
மகளுக்கு ஐந்தரை வயது, யு.கே.ஜி. முடித்திருக்கிறாள். அ முதல் ஃ வரை, க முதல் ன வரை ராகம் போட்டுச் சொல்வாள். ஒரு சொல்லைக் காட்டிப் படி என்றால் மட்டும் நின்றுவிடுவாள். அதனால் இந்த லீவில் சிலேட்டை எடுத்து நானே உட்கார்ந்தேன். முதல் நாள் 'படம்' எழுதினேன். "ப... ட... இம்... படயிம்" என்றாள். ம் என்ற எழுத்தின் பெயர் 'இம்' என்று மனப்பாடம் ஆகியிருக்கிறது, அதை அப்படியே ஒட்டவைக்கிறாள். "ப, ட சொல்லிவிட்டு வாயை மூடு" என்றேன். மூடியதும் 'படம்' வந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியம். ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைத் தொட்டுவிட்டு வந்தாள்.

இப்போது சிக்கல் வேறு. பல், கல், கண் என்று எழுதினால் பல்லு, கல்லு, கண்ணு என்கிறாள். "லு எங்கே இருக்கு? நல்லாப் பாரு" என்று மூன்று தடவை திருத்தினேன். சிலேட்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாளாகப் பக்கத்திலேயே வருவதில்லை. 247 எழுத்தும் மனதில் படியுமுன் சொல்லுக்குப் போனதுதான் தப்பு என்று அத்தை பழைய அரிச்சுவடியை எடுத்து வைத்திருக்கிறார். நான் திருத்தியது தப்பா?

கரும்பலகை (ஓய்வுபெற்ற ஆசிரியை):
31 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். திருத்தத்தான் வேண்டும் அம்மா, ஆனால் மூன்று தடவை வேண்டாம். உங்கள் பிள்ளை முதல் எழுத்தைப் பார்க்கிறாள், மீதியை ஊகிக்கிறாள். இன்று 'கல்'லைக் 'கல்லு' என்பவள் நாளைக்குக் கல், கள், கண் மூன்றின் கடைசி எழுத்தையும் பார்க்காமலே தாண்டுவாள். நான்காம் வகுப்பு வரை அப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வாய் சரளமாகப் போகும், தாளில் இருப்பது வேறாக இருக்கும்.

அத்தை சொல்வதையும் ஒதுக்காதீர்கள். க கா கி கீ ஒரு வரி பிடிபட்டால் மற்ற வரிகள் பாதி வந்த மாதிரி. அரிச்சுவடி மட்டும் 1978-க்கு முன் அச்சானதா என்று பாருங்கள். அதில் ணை, லை, ளை, னை எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும், பிள்ளை குழம்புவாள்.

பொடியன் அப்பா (மதுரை):
டீச்சர், மன்னிக்கணும், இதில் நான் வேறு கட்சி. அது ஊகம் இல்லை. ப-வையும் ல்-ஐயும் சேர்த்து, தனக்குத் தெரிந்த ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறாள். வீட்டில் அந்தப் பொருளுக்குப் பேர் பல்லு. 'படயிம்' என்று வாசித்தபோது எழுத்து மட்டும்தான் இருந்தது, பொருள் இல்லை. இப்போது பொருள் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் "தப்பு" என்றால் சிலேட்டைக் கவிழ்க்காமல் என்ன செய்வாள்?

தப்பு சொல்லைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. இரண்டே எழுத்து என்பதால் பல், கல், கண் சுலபம் என்று நினைக்கிறோம். பிள்ளைக்கு அதுதான் கஷ்டம், ஏனென்றால் அவள் பேசும் சொல் அது இல்லை. பேச்சும் எழுத்தும் ஒன்றாகவே இருக்கும் சொற்கள் எத்தனையோ இருக்கின்றன: அம்மா, பாட்டி, தட்டு, ஆடு, மாடு, வண்டி, பூ. என் பையனுக்கு இரண்டு மாதம் இவைதான். புள்ளி வைத்து முடியும் சொல்லை அப்புறம்தான் தொட்டோம்.

வரி வரியாக மனப்பாடம் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. துணைக்கால் எல்லா வரியிலும் ஒரே கால். ஆனால் கு, சு, து, மு? நாலும் நாலு விதம். என் அம்மா 1991-இல் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராக இருந்தவர். அங்கே அ, ஆ-வில் தொடங்கவில்லை. 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கினார்கள்.

கரும்பலகை:
தம்பி, அறிவொளிக்கு வந்தவர்கள் வயலில் வேலை செய்துவிட்டு வந்த பெரியவர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ட, ப, ம-வில் தொடங்கிப் படம், பட்டம், மடம் என்று நாங்களும்தான் சொல்லிக்கொடுத்தோம். சொல்லுக்கு நான் எதிரி இல்லை. சொற்களைத் தேர்ந்து கொடுங்கள் என்கிறீர்கள், அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'பல்லு'வைச் சரி என்று விட்டுவிட முடியாது.

திருத்தாமலே திருத்த ஒரு வழி இருக்கிறது. 'கல்லு' என்கிற அதே பிள்ளை 'கல்லுத்தோசை' என்று சொல்லுமா? கல்தோசை என்றுதான் சொல்லும். பல்வலி, கண்மை, மண்பானை, எல்லாம் அப்படியே. புள்ளியோடு முடியும் சொல் அவள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டினால் போதும்.

மணலெழுத்து (திருவாரூர்):
இவ்வளவு அவசரம் எதற்கு? நான் அரசுத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமே எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து படிக்கவேண்டும் என்றுதான் வைத்திருக்கிறது. ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறோம். இந்த வயதில் வீட்டில் கதை படித்துக் காட்டுங்கள். சிலேட்டை அவளாக எடுக்கட்டும்.

பொடியன் அப்பா:
மணலெழுத்து, கதை படித்துக் காட்டுவதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் 'படம்' வந்தபோது ஓடிப்போய்த் தொட்ட பிள்ளை இது. அவளுக்கு ஆசை இருக்கிறது. அதை எட்டு வயது வரை காக்கவைக்க வேண்டாமே. டீச்சர், கல்தோசை அருமை. எனக்குத் தோன்றவே இல்லை.

தாழம்பூ:
நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் தோசை. சிலேட்டை எடுத்துச் சமையல்கட்டுத் தரையில் வைத்தேன், கூப்பிடவில்லை. 'கல்' எழுதிப் பக்கத்தில் வட்டமாகத் தோசை வரைந்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள். "கல்லு... தோசை" என்றாள். அவளுக்கே காதில் உறுத்தியது போல. "கல்தோசை!" என்று மாற்றினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தோசையைக் கையால் மறைத்தேன். "கல்" என்றாள்.

அப்புறம் விரலை எச்சில் தொட்டு ல் மேலிருந்த புள்ளியை அழித்துவிட்டு, "இப்ப கல" என்றாள். திரும்பப் புள்ளி வைத்தாள், "கல்". அழித்தாள், "கல". பத்துத் தடவையாவது செய்திருப்பாள், தோசை ஆறிப்போனது. கடைசியில் "கல்லு எப்படிம்மா எழுதறது?" என்று அவளே கேட்டாள். எழுதிக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தாள். அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் வெள்ளிக்கிழமை க கா கி கீ தொடங்கவேண்டும் என்கிறார், தொடங்கட்டும்.

அடுத்து பெட்டி, கொக்கு எழுதலாமா? கொம்பு முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறதே, அதை எப்படிச் சொல்வது?

கரும்பலகை:
பெட்டி எழுதுங்கள். கொம்பையும் ப-வையும் ஒரு வட்டத்துக்குள் போட்டு, இரண்டும் சேர்ந்து ஒரே சத்தம் என்று காட்டுங்கள். கொக்கு இப்போது வேண்டாம். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் எழுத்து. ஒரு மாதம் போகட்டும்.

பொடியன் அப்பா:
கொக்கு அவளுக்குத் தெரிந்த பறவை டீச்சர். அதையும் ஒரு வட்டத்துக்குள் போட்டு எழுதிப் பார்க்கலாம் என்றுதான் நான் சொல்வேன்.