இரண்டாம் மேல்முறையீடு: 'சப்ஸ்டான்ஷியல்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

காட்பாடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்கு வரும் கட்சிக்காரர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். சிவில் வழக்கில் தோற்றவர் எந்தக் கோர்ட் வரை போகலாம், அங்கே எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதுதான் விஷயம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, அதாவது முதல் மேல்முறையீடு, சுலபமாக முடிந்தது. சாட்சியம், ஆவணம், சட்டம் எல்லாவற்றையும் அங்கே மறுபடி எடை போடலாம். 100ஆம் பிரிவில்தான் மாட்டிக்கொண்டேன். உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு நிற்க வேண்டுமென்றால் 'சப்ஸ்டான்ஷியல் கொஸ்டின் ஆஃப் லா' வேண்டும். 'கணிசமான சட்ட வினா' என்று எழுதி, தெரிந்த கட்சிக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். "நம்ம நெலம் கணிசமானதுதான் சார், ரோட்டு மேலயே கீது" என்றார். வேறு சொல் தாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

அவர் சொன்னதில் என்ன தப்பு? கணிசம் என்றாலே நமக்குத் தொகைதான். போதாக்குறைக்கு 102ஆம் பிரிவு வேறு இருக்கிறது: பணம் வசூலிக்கும் வழக்கில் தொகை 25,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் இரண்டாம் மேல்முறையீடே கிடையாது. அந்தப் பிரிவுக்குப் பக்கத்தில் 'கணிசமான' என்று போட்டால், பெரிய சொத்துக்காரனுக்கு மட்டும்தான் ஹைகோர்ட் என்று படிப்பான். 100ஆம் பிரிவு தொகையைப் பார்ப்பதில்லை. ஒன்றரை அடிச் சந்துக்கான வழக்கில் அப்படி ஒரு வினா எழலாம், கோடி ரூபாய் வழக்கில் எழாமலும் போகலாம்.

பொருளைப் பிடித்துக்கொண்டு சொல்லைத் தேடுங்கள். 'சப்ஸ்டான்ஷியல்' 100ஆம் பிரிவுக்குள் நுழைந்தது 1976 திருத்தத்தில். அதற்கு முன்பும் பொருண்மைக்குள், அதாவது நடந்தது என்ன என்ற கேள்விக்குள், போக விட்டதில்லை. கீழ்க்கோர்ட் பொருண்மையில் எவ்வளவு மோசமாகத் தவறியிருந்தாலும் அதை வைத்து இரண்டாம் மேல்முறையீடு இல்லை என்று 1890லேயே துர்கா சௌத்ராணி வழக்கில், அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. 'சப்ஸ்டான்ஷியல்' எது என்பதற்கு 1962இல் சுனிலால் மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இலக்கணம் சொன்னது. அது வேறு பிரிவில் எழுந்த வழக்கு. அதிலும் நம் மெட்ராஸ் ஹைகோர்ட் முழு அமர்வின் கருத்தைத்தான் பெரும்பாலும் ஏற்றார்கள். 2001இல் சந்தோஷ் ஹசாரி வழக்கில் இன்னும் தெளிவாகிவிட்டது: வினா விவாதத்துக்கு இடமுள்ளதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே தீர்ந்ததாக இருக்கக் கூடாது, அதற்குச் சொல்லும் பதில் இந்த வழக்கின் முடிவைத் தொட வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து:

அப்படிச் சொல்லுங்கள்! விவாதத்துக்கு இடமுண்டு, இன்னும் தீரவில்லை. நன்னூலார் வினாவை அறி, அறியா, ஐயம், கொளல், கொடை, ஏவல் என்று ஆறாக வகுத்தாரே, இது அதில் மூன்றாவது. தீர்ந்துபோன சட்டத்தைக் கேட்பவன் அறிவினாக்காரன். ஆசிரியன் மாணவனைக் கேட்பது போல. நீதியரசருக்கு அது எதற்கு? 'ஐயவினா' என்று வையுங்கள், தீர்ந்தது. மேல்முறையீட்டு மனுவில் தடை கேட்கும் பத்தி கொளல் வினாவா, ஏவல் வினாவா என்பதையும் யாராவது யோசித்துச் சொன்னால் நன்றாயிருக்கும். எனக்கு ஏவல் என்றே படுகிறது.

'வினா'வை மட்டும் 'கேள்வி' ஆக்கிவிடாதீர்கள். கேள்வி என்பது கேட்டுப் பெறும் அறிவு. குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு.

ஆரணியிலிருந்து:

கையேட்டின் தலைப்பே சரியில்லையே, அதை யாரும் பார்க்கவில்லையா? 'மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் அதிகார வரம்பு' என்று இருக்கிறது. அதிகாரம் வடசொல். 'ஆள்வரை' என்று அழகான சொல் இருக்கிறது. முறையீடும் எனக்குப் பிடிக்கவில்லை. மன்றாடுதல் என்றால் ஆதியில் மன்றத்தில் வழக்காடுவது. அதைக் கெஞ்சுவது என்று ஆக்கிவிட்டோம். 'மேல்மன்றாட்டு' என்று மீட்டால் என்ன?

வாலாஜாவிலிருந்து:

ஐயா, மன்னிக்கவும். சட்டம் படிக்கிற மாணவி நான். 'மேல்மன்றாட்டு' என்று போட்டால் எங்கள் தெருவில் ஏதோ ஜெபக்கூட்டம் என்று வந்து நிற்பார்கள். வழக்குக் கட்டின் மேல் எழுதுவதே ஓ.எஸ். (அசல் வழக்கு), ஏ.எஸ். (முதல் மேல்முறையீடு), எஸ்.ஏ. (இரண்டாம் மேல்முறையீடு) என்றுதான். ஜனங்கள் சொல்வது அப்பீல், செகண்ட் அப்பீல்.

'வரம்பு' என்பதில் எனக்கு வேறு பயம் உண்டு. 1989இல் வட ஆற்காடு பிரிந்தது, 2019இல் வேலூர் மூன்றானது. அப்புறம் 'அதிகார வரம்பு' என்றாலே "எங்க ஊரு ராணிப்பேட்டை சைடா, வேலூர் சைடா" என்றுதான் கேட்கிறார்கள். இதே கையேட்டில் ஹைகோர்ட்டுக்கு 90 நாள், மற்ற கோர்ட்டுகளுக்கு 30 நாள் என்று 'காலவரம்பு' வருகிறது. 25,000 ரூபாய்க்கு 'மதிப்பு வரம்பு' வருகிறது. ஊர், நாள், பணம், வினா நான்குக்கும் ஒரே வரம்பா? 'எதை விசாரிக்கலாம், எதை விசாரிக்க முடியாது' என்று தலைப்பு வைத்தால் போதாதா?

குடியாத்தத்திலிருந்து:

பாப்பா சொல்வது சரி. தலைப்பை அப்படியே வையுங்கள்.

ஆற்காட்டு ஐயாவுக்கு: ஐயவினா என்றதும் கட்சிக்காரனுக்குச் 'சந்தேகத்தின் பலன்'தான் ஞாபகம் வரும். அது கிரிமினல் கோர்ட் சரக்கு. சாட்சியில் சந்தேகம் இருக்கிறது, ஹைகோர்ட் போகலாம் என்று கிளம்பிவிடுவான். எதைத் தடுக்க இந்தப் பிரிவு வந்ததோ அதற்கே வழி காட்டிவிடுவோம். தவிர, முடிவைத் தொட வேண்டும் என்ற பாதி உங்கள் சொல்லில் இல்லை. பத்திர எழுத்தில் எத்தனையோ ஐயம் இருக்கும், எல்லாமா தீர்ப்பைத் திருப்புகிறது?

பொதுச் சுவர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சீப் கோர்ட்டும் சப் கோர்ட்டும் சாட்சிகளை நம்பி, சுவர் எதிராளியுடையது என்று முடிவு செய்துவிட்டன. அந்தச் சாட்சி பொய் சொன்னார் என்று ஹைகோர்ட்டில் வாதாட முடியாது. ஆனால் சுவரைப் பற்றிச் சாட்சியமே இல்லாமல் முடிவு எழுதியிருந்தால், அல்லது மூலப் பத்திரத்தைச் சட்டத்துக்கு மாறாக ஒதுக்கியிருந்தால், அதுவே சட்ட வினாவாகிவிடும். கையேட்டில் விளங்க வேண்டியது இந்த இடம். பதம் பிறகு.

என் ஓட்டு: 'முடிவை மாற்றக்கூடிய, தீராத சட்ட வினா'. நீளம்தான், இருக்கட்டும்.

ஆற்காட்டிலிருந்து:

அது விளக்கம் ஐயா, கலைச்சொல் இல்லை. பெயரெச்சத்தின் மேல் பெயரெச்சமாக அடுக்கிக்கொண்டே போனால் அகராதியில் எந்த எழுத்தின் கீழ் வைப்பது? 'தீராச் சட்ட வினா' என்று சுருக்குங்கள். தீரா, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். இலக்கணமும் இடம் கொடுக்கிறது.

ஆரணியிலிருந்து:

சட்டம் மட்டும் தமிழா?

காட்பாடியிலிருந்து:

அச்சகத்திலிருந்து இரண்டு தரம் போன் வந்துவிட்டது. 'முக்கியச் சட்ட வினா' என்று போட்டு அனுப்பிவிட்டேன். முக்கியமும் சப்பைச் சொல்தான், ஆனால் பணத்தைக் காட்டவில்லை. குடியாத்தம் சாரின் சுவர் உதாரணம் அப்படியே அடியில் கட்டம் போட்டு வருகிறது. தலைப்பு வாலாஜா மாணவி சொன்னது. மூன்று பேர் சரி என்று தனிமடல் போட்டார்கள், மற்றவர்கள் பேசவில்லை.

ஆற்காட்டிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். முக்கியமில்லாத சட்டம் எது? இரண்டாம் பதிப்பில் 'தீரா' வர வேண்டும். 115ஆம் பிரிவின் 'ரிவிஷ'னைச் 'சீராய்வு' என்று போட்டிருக்கிறீர்கள், மறுஆய்வுக்கும் (ரிவ்யூ) அதற்கும் வித்தியாசம் யாருக்குப் புரியும்? அதைத் தனி இழையில் தொடங்குகிறேன்.