மெட்ரோவில் வீல்சேரைப் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டுமா?

வாக்வா செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அம்மாவை பிசியோதெரபிக்கு ஒரு வாடகை வேனில் கூட்டிப் போனேன். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, இடது பக்கம் இன்னும் சரியாகவில்லை. வீல்சேரை உள்ளே ஏற்றிய டிரைவர் சக்கரத்துக்கு பிரேக் போட்டதோடு சரி. வழியில் நாய் குறுக்கே ஓடியது. டிரைவர் பிரேக்கை அமுக்கிய வேகத்தில் நாற்காலி வழுக்கிக்கொண்டு போய் முன் சீட்டில் இடித்தது. கால் வைக்கும் தகடு மடங்கி அம்மாவின் முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. ஆறு தையல்.

இனி நம் மொரிஷியஸ் மெட்ரோ டிராமில்தான் தலைநகர் போர்ட் லூயிஸுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் கேட்கிறேன்: வீல்சேரோடு ஏறுகிறவர்களை பெல்ட் போட்டுக் கட்டிய பிறகே வண்டி நகர வேண்டும் என்று சட்டம் வரவேண்டாமா? நம்முடைய சங்கங்கள் சேர்ந்து மனு கொடுத்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன்.

போ பாசேன் சக்கரம்:
அம்மாவின் காயம் ஆறிவிட்டதா, அக்கா? படித்ததும் மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் இந்த மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பத்தொன்பது வருஷமாக வீல்சேரில் இருக்கிறேன். பஸ் படி எனக்கு எட்டாது. 2005 முதல் எங்களுக்கு பஸ் இலவசம். ஏற முடியாத பஸ்ஸில் இலவசம் இருந்து எனக்கு என்ன லாபம்? தாழ்தளத்தோடு டிராம் வந்த பிறகுதான், யாரையும் தூக்கச் சொல்லிக் கேட்காமல், நானாக உருட்டிக்கொண்டு ஏறினேன். பெல்ட் கட்டாயம் என்றால் கட்டிவிட ஒருத்தர் வேண்டும், அவிழ்த்துவிட ஒருத்தர் வேண்டும். டிரைவர் முன்னால் கேபினில் இருக்கிறார். ரோஸ் ஹில்லில் இறங்க வேண்டியவன் பெல்ட்டை அவிழ்க்க ஆள் இல்லாமல் காத்ர் போர்ன் வரை போகவா?

பழைய மெக்கானிக்:
செல்வி, உன் பயம் நியாயமானது. ஆனால் வேன் நிற்பதும் டிராம் நிற்பதும் ஒன்றல்ல, மகளே. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வேனை முழு பிரேக்கில் பிடித்தால் சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும், இரண்டே வினாடிதான். டிராமுக்கு அவசர பிரேக்கிலும் 35 மீட்டருக்கு மேல் வேண்டும். பெரிய ரயில் என்றால் 80 மீட்டர்கூட ஓடும். இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தின் மேல் பிடிப்புக் குறைவு, அதுதான் காரணம். தண்டவாளத்தைக் கவ்வும் காந்த பிரேக் இருப்பதால்தான் டிராம் அந்த 35இலாவது நிற்கிறது. நிற்கும் தூரம் அதிகம் என்றால் வேகம் மெல்லக் குறையும், நாற்காலியை முன்னால் தள்ளும் விசையும் குறைவு.

அமெரிக்க விதியும் இதைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. பஸ்ஸில் வீல்சேரைப் பிணைக்கும் கருவி இருந்தே ஆக வேண்டும். ரயில் பெட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவின் 2014ஆம் வருஷ விதி பெரிய ரயில்களுக்கானது, டிராமுக்கு அல்ல. ஆனாலும் அதன் அளவுகள் நமக்கு உதவும். நாற்காலிக்கு 1300 மில்லிமீட்டர் நீளம், 750 அகலம் இடம் விட வேண்டும். ஒரு முனையில் தடுப்புப் பலகை வேண்டும். முதுகைப் பலகையில் ஒட்டி நிறுத்தினால் நாற்காலி பின்னால் சாயாது.

வாக்வா செல்வி:
ஐயா, இரண்டு தரம் படித்துப் புரிந்துகொண்டேன். ஒரு சந்தேகம். நம்முடைய டிராம் கடைசி நிறுத்தமான கியூர்பிப்பில் போய் வட்டமடித்துத் திரும்புவதில்லை. டிரைவர்தான் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மாறுகிறார். பலகை ஒரு பக்கம்தானே இருக்கும்? போகும்போது அம்மாவின் முதுகுக்குப் பலகை இருந்தால், வரும்போது பிரேக் போட்டதும் அதே பலகையை விட்டு முன்னால்தானே போவார்? சாலையும் தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் நம்மிடம் எத்தனை! சிவப்பு விளக்கை மதிக்காமல் ஒரு கார் நுழைந்தால் போதும். அம்மாவுக்கு இடது கை பிடிக்காது. கம்பியைப் பிடித்துக்கொள் என்று அவரிடம் சொல்ல முடியாது.

பழைய மெக்கானிக்:
சரியான இடத்தைப் பிடித்துவிட்டாய். அதற்குத்தான் எதிரெதிர் திசையில் இரண்டு இடம் வேண்டும் என்று நான் சொல்வேன். எந்தப் பக்கம் போனாலும் ஒன்றில் முதுகு வண்டி போகும் திசையைப் பார்த்து இருக்கும். பிரேக் போட்டால் உடம்பு பலகையில்தான் அழுந்தும். மனு எழுதுவதானால் இதை எழுதுங்கள். இன்னொன்று, கியூர்பிப் மழையில் நனைந்து ஏறுகிறவர்களால் தரை ஈரமாகிவிடும். காய்ந்த தரையில் ரப்பர் டயர் பிடிக்கும் பிடி ஈரத்தில் வராது. தரை விரிப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள்.

ரெதுயி 22:
யார் மனசும் நோகக் கூடாது, ஆனால் கேட்கிறேன். காலை ஏழரைக்கு நிற்கவே இடம் இல்லை. வீல்சேரில் வருகிறவர்கள் பத்து மணிக்கு மேல் வந்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் இடம் கிடைக்கும். பெல்ட் சண்டையே வேண்டியதில்லையே.

போ பாசேன் சக்கரம்:
தம்பி, எனக்கும் வேலை எட்டரைக்குத்தான் ஆரம்பம். பத்து மணிக்குப் போனால் சம்பளம் யார் கொடுப்பது?

செல்வி அக்கா, உங்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மொரிஷியஸ் 2010இல் ஏற்றது. ஏற்கும்போதே, எங்கும் தடையில்லாமல் போய்வருவது பற்றிய 9ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகளை, செலவு அதிகம் என்று காரணம் சொல்லி, இப்போதைக்கு நிறைவேற்றப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்தது. ஒன்று பிரெய்ல் பலகைகள். மற்றொன்று வழிகாட்டி, உதவியாளர் போன்ற ஆள் உதவி. ஆள் போட முடியாது என்று எழுதிக் கொடுத்த நாட்டில், ஆள் இல்லாமல் நடக்காத ஒரு விதியைக் கேட்கிறீர்கள். விதி வரும், ஆள் வரமாட்டார். அப்புறம் "பெல்ட் போட ஆள் இல்லை, அடுத்த வண்டியில் வாருங்கள்" என்பார்கள். அந்த அடுத்த வண்டியிலும் ஆள் இருக்கமாட்டார்.

வண்டி ஓடும்போதை விட ஏறி இறங்கும்போதுதான் எனக்குப் பயம். வீல்சேரின் முன் சக்கரம் சின்னது, எந்தப் பக்கமும் சுழலும். வாசலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் அது குறுக்கே திரும்பி இறங்கினால் நாற்காலி அப்படியே முன்னால் கவிழும். மெக்கானிக் ஐயா சொன்ன அதே ஐரோப்பிய விதி, இடுக்கு 75 மில்லிமீட்டருக்கோ உயர வித்தியாசம் 50க்கோ மேல் போனால் சாய்தளம் போன்ற ஏறும் வசதி வேண்டும் என்கிறது. அம்மாவை இறக்கும்போது நீங்கள் முதலில் பின்பக்கமாக இறங்கி, பெரிய சக்கரத்தை முதலில் இறக்குங்கள். சின்னச் சக்கரம் கடைசியில் வரட்டும்.

வாக்வா செல்வி:
பின்பக்கமாக இறக்குவதை எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை. நன்றி தம்பி. ஆனால் நீ கையில் பலம் உள்ளவன், உன் நாற்காலியை நீயே நிறுத்துவாய். அம்மா அப்படி இல்லை. கட்டாயம் என்று கேட்டதை விட்டுவிடுகிறேன். வேண்டியவர் தானே மாட்டிக்கொள்ள, ஒரு கையால் அவிழ்க்கக்கூடிய மடி பெல்ட் அந்த இடத்தில் தொங்கினால் போதும். அதற்குமா எதிர்ப்பு?

போ பாசேன் சக்கரம்:
தொங்கட்டும் அக்கா. ஆனால் மனுவில் "விரும்பினால்" என்ற வார்த்தை தடித்த எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைக்கு விரும்பினால் என்பது நாளைக்குக் கட்டாயம் என்று மாறியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தை இல்லாமல் என் கையெழுத்து இல்லை.

பழைய மெக்கானிக்:
இரண்டு இடம், எதிரெதிர் திசை, சொரசொரப்பான தரை, இடுக்கு அளவு, விரும்பினால் மடி பெல்ட். நான் எழுதித் தருகிறேன். காவடித் திருவிழாவுக்கு முன்னால் கொடுத்துவிடுவோம். அன்றைக்கு வண்டியில் வரும் கூட்டத்தைப் பார்த்தால் மெட்ரோக்காரர்களுக்கே புரியும்.

வாக்வா செல்வி:
நேற்று ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கால் காயத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். பெல்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் பார்த்து உட்கார்ந்தால் தலை சுற்றும், வரும் வழியைப் பார்த்துக்கொண்டு போனால்தான் மனசுக்கு நிம்மதி என்றார். ஐயா, எதிரெதிர் இரண்டு இடத்தில் எதில் உட்காருவது என்பதை உட்காருகிறவரே முடிவு செய்யட்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.