படகு வாடகைக்குப் போனது, கஞ்சாவோடு பிடிபட்டது: கரையில் இருந்த உரிமையாளருக்கு ஜாமீன் கிடைக்குமா?

கேட்டவர்: பாம்பன்காற்று

ஐயா, என் அண்ணன் மண்டபம் பக்கத்தில் ஒரு நாட்டுப்படகுக்குச் சம்மாட்டி, அதாவது உரிமையாளர். நண்டு வலைக்கு என்று சொல்லி இரண்டு பேர் படகை வாடகைக்கு எடுத்துப் போனார்கள். இலங்கைக்குப் போகவிருந்த 160 கிலோ கஞ்சாவோடு கடலில் பிடிபட்டார்கள். "சம்மாட்டிக்கும் தெரியும்" என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்களாம். மறுநாள் மத்திய அதிகாரிகள் வந்து அண்ணனை அழைத்துப் போனார்கள். வீட்டில் ஒரு பொட்டலம்கூட எடுக்கவில்லை. ஐந்து மாதம் ஆகப் போகிறது, சிறப்பு நீதிமன்றத்தில் ஜாமீன் மனு தள்ளுபடி. பீடி இலை கடத்தியவர்கள் எல்லாம் சில வாரங்களில் வெளியே வந்துவிடுகிறார்களே, இதில் மட்டும் ஏன் இப்படி? உயர் நீதிமன்றம் போகலாமா?

வைகைக்கரை வக்கீல்

தம்பி, பீடி இலை சுங்கச் சட்டத்தில் வருவது. உங்கள் அண்ணன் மேல் இருப்பது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். கஞ்சாவில் 20 கிலோவைத் தாண்டினாலே வணிக அளவு. ஹெராயினுக்கு 250 கிராம், ஐஸ் என்கிற மெத்தாம்பெட்டமினுக்கு வெறும் 50 கிராம். அந்த அளவைத் தாண்டியதும் 37-ஆம் பிரிவு வந்து குறுக்கே நிற்கும். அரசு வழக்கறிஞர் எதிர்த்தால், இவர் குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி இப்படிக் குற்றம் செய்யமாட்டார் என இரண்டிலும் நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். விசாரணையே தொடங்காத வழக்கில் இதை எப்படிக் காட்டுவது என்று நானும் பல வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மனுவை எடுத்ததுமே எதிர்த்தரப்பு எழுந்து "வணிக அளவு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். அண்ணிக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்பதெல்லாம் அதற்கு அப்புறம் யார் காதிலும் ஏறாது.

ஆகவே கண்ணீரை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பாருங்கள். அண்ணனைக் கட்டிப்போட்டிருப்பது எது? அந்த இருவரின் வாக்குமூலம் மட்டும்தானா? 67-ஆம் பிரிவில் அதிகாரிகள் வாங்கும் வாக்குமூலத்தைக் குற்ற ஒப்புதலாக வைத்துத் தண்டிக்க முடியாது என்று தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொல்லிவிட்டது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். படகு உரிமையாளர் மேல் வருவது பெரும்பாலும் 25-ஆம் பிரிவு. தெரிந்தே விட்டார் என்றால்தான் குற்றம். ஆனால் உடனே துள்ள வேண்டாம். கையில் எதுவும் கிடைக்கவில்லை என்பதே ஜாமீனுக்குப் போதாது என்று 2022-இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் ஜாமீனை ரத்து செய்திருக்கிறது. செல்பேசி அழைப்புப் பட்டியலில் என்ன இருக்கிறது? வாடகைப் பணம் எப்படி வந்தது? வழக்கமான வாடகையா, மூன்று மடங்கா? டீசல் யார் போட்டது? அன்று அண்ணன் எங்கே இருந்தார்? உயர் நீதிமன்றத்தில் இதைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று, இதுதான் அவசரம்: ரிமாண்ட் செய்த தேதி என்ன? குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகிவிட்டதா? உங்கள் வழக்கில் அதன் இடத்தில் மத்திய அதிகாரிகள் நீதிமன்றத்தில் போடுவது புகார் மனு.

நெடுந்தீவான்

இக்கரையில், இலங்கையில், நிலைமை இன்னும் இறுக்கம். எங்கள் போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, தூய நிறை (கலப்படம் நீக்கிய எடை) 10 கிராம் அல்லது அதற்கு மேல் இருந்து, குற்றம் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதாக இருந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுமே பிணை (ஜாமீன்) வழங்கலாம். அதுவும் விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால்தான். தூய நிறைக்கு அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வர வேண்டும். அது வரும்வரை விளக்கமறியல் (ரிமாண்ட்) நீண்டுகொண்டே போகும். அங்கேயும் தூய நிறையைத்தான் பார்க்கிறார்களா?

வைகைக்கரை வக்கீல்

இல்லை. இங்கே கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடைதான் கணக்கு. 2020 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு அப்படி முடிவு செய்தது. மாவு கலந்த ஹெராயின் 260 கிராம் இருந்தால் மாவும் ஹெராயின்தான்! கஞ்சாவுக்கு அந்தப் பேச்சே எழாது.

முத்துநகர் டீச்சர்

எல்லோரும் வெளியே எடுக்கும் வழியைத்தான் பேசுகிறீர்கள். என் வகுப்பில் படித்த பையன் ஒருவன் ஐஸ் பழக்கத்தில் பல் கொட்டி நிற்கிறான். கடல் தாண்டிச் சரக்கு அனுப்புகிறவனுக்கு ஜாமீன் கொடுத்தால் ஒரே இரவில் தலைமன்னார் போய்விடமாட்டானா? வெளிநாட்டுக்காரன் என்றால் கேட்கவே வேண்டாம்.

வைகைக்கரை வக்கீல்

டீச்சர், உங்கள் பயம் நியாயமானது. ஓடிப்போனவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதற்காகத்தான் பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது, வாரந்தோறும் கையெழுத்து, உள்ளூர்ப் பிணைதாரர் என்று நிபந்தனைகள். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. டெல்லியில் ஒரு நைஜீரியருக்கு, கூகுள் வரைபடத்தில் இருப்பிடத்தைக் குறித்துக் காட்ட வேண்டும், நாட்டைவிட்டுப் போகமாட்டார் என்று தூதரகம் சான்று தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் நீக்கியது. அந்தக் குறியை வைத்து ஆளின் நடமாட்டத்தைப் பின்தொடர முடியாது என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. தூதரகம் தராத சான்றுக்காக ஒருவரைச் சிறையில் வைப்பதும் முறையல்ல.

என்னை உறுத்துவது வேறு. விசாரணை நடந்தால் தானே யார் கடத்தினான், யார் வெறும் சம்மாட்டி என்று தெரியும்? 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தபோது அவர் ஏழு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டார், தீர்ப்பு இன்னும் வரவில்லை. 37-ஆம் பிரிவு இருந்தாலும் அநியாயத் தாமதம் ஜாமீனுக்குக் காரணம் ஆகலாம் என்றார்கள். கடத்தல் தலைவன் அத்தனை வருடத்துக்கும் வக்கீல் வைக்க முடியும். படகுக்காரனால் முடியாது.

பாம்பன்காற்று

ஐயா, ரிமாண்ட் ஆகி இன்று 158-ஆம் நாள். புகார் மனு இன்னும் தாக்கல் ஆகவில்லை என்று எங்கள் வக்கீல் சொல்கிறார்.

வைகைக்கரை வக்கீல்

அப்படியானால் உயர் நீதிமன்றத்தைச் சற்றே தள்ளி வையுங்கள். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் புகார் மனு தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. அங்கே 37-ஆம் பிரிவு தடையாகாது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள், 2023-இல் அது தெளிவாகிவிட்டது. கைது செய்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. காலத்தை நீட்டக் கேட்டு மனு வரலாம், ஒரு வருடம் வரை நீட்ட வழி இருக்கிறது. ஆனால் அரசு வழக்கறிஞர் தம் அறிக்கையில் விசாரணை எவ்வளவு நகர்ந்தது, இவரை ஏன் இன்னும் உள்ளே வைக்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அதிகாரியின் கடிதத்தைப் படியெடுத்துக் கையெழுத்துப் போட்டால் செல்லாது. அந்த நீட்டிப்பு மனுவை எடுக்கும் நாளில் அண்ணனை நேரிலோ காணொலியிலோ முன்னிறுத்துகிறார்களா என்றும் பாருங்கள்.

சென்னையில் ஒரு வழக்கில் 181-ஆம் நாள் மனுப் போட்டார்கள். அன்றே வாதம் முடிந்த கையோடு எதிர்த்தரப்பு புகாரைக் கொண்டுவந்து நீட்டியது. சிறப்பு நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. முதலில் மனுப் போட்டதுதான் காப்பாற்றியது. புகார் தாக்கலான பிறகு போட்டிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. உங்கள் வக்கீலிடம் இன்றே சொல்லுங்கள்: மனு தயாராக இருக்கட்டும், பிணைதாரர் இருவரும் சொத்து ஆவணத்தோடு தயாராக இருக்கட்டும். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் பிணை கொடுக்காமல் தாமதித்து, அதற்குள் புகார் வந்து உரிமை போனவர்கள் உண்டு. 181-ஆம் நாள் காலை நீதிமன்றம் திறக்கும்போதே மனுவைப் போட்டு அதற்கு எண் வாங்கிவிட வேண்டும்.