போர் நடக்கும் நாட்டில் "நீ எந்தப் பக்கத்து ஆள்?" என்ற கேள்வி: குமரி மாவட்டத்துக்காரங்க அனுபவத்தை எழுதுங்க

விளவங்கோட்டான்:

2022 மார்ச் 2, ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்த வாரம். நாட்டோட மேற்குல லிவீவ் ரயில் நிலையம். கிழக்குல கார்கிவ்ல மருத்துவம் படிச்சுட்டிருந்த நாங்க எப்படி வெளிய வந்தோம்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும். மெட்ரோ சுரங்கத்துல அஞ்சு ராத்திரி கிடந்தது, ரயில்ல கால் வைக்க இடமில்லாம வந்தது எல்லாம் விட்டுடுறேன். எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கிறது ஒரே ஒரு நிமிஷம்.

ரயில்ல என் பக்கத்துல ஒரு பாட்டி. சால்திவ்காக்காரங்க. கார்கிவ்ல குண்டு அதிகமா விழுந்த குடியிருப்பு அது. மகன் ஊர்க்காவல் படையில சேர்ந்து அங்கயே நின்னுட்டான்னு வழியில சொன்னாங்க. ரஷ்ய மொழியிலதான் சொன்னாங்க. கார்கிவ்ல அப்போ தெருவுல, கடையில, ஆஸ்பத்திரியில எல்லாம் அதுதான் கேட்கும். ஆறு வருஷப் படிப்புல நான் கத்துக்கிட்டதும் அதுதான்.

லிவீவ்ல இறங்கினதும் ஒரு பொண்ணு பெரிய பாத்திரத்துல டீ ஊத்திக் கொடுத்துட்டு இருந்தா. எனக்குக் கொடுத்தா. "ஸ்பசீபா"ன்னேன், ரஷ்ய மொழியில நன்றி. சிரிச்சா. அடுத்து பாட்டிக்குக் கொடுத்தா. பாட்டியும் "ஸ்பசீபா"ன்னாங்க. அந்தப் பொண்ணு முகம் மாறிட்டு. "இங்க தியாக்குயுன்னு சொல்லுங்க"ன்னா. உக்ரைன் மொழியில நன்றி அது. கோபமா சொல்லல, நாலஞ்சு நாளா தூங்காத குரல். பாட்டி கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, "தியாக்குயு, தியாக்குயு"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

அதே வார்த்தைதான். வெளிநாட்டுக்காரன் நான் சொன்னா மன்னிச்சுட்டாங்க. சொந்த நாட்டுக்காரி சொன்னா திருத்துறாங்க. மகன் அங்க துப்பாக்கியோட நிக்கிறான்.

சென்னையில கோச்சிங் போனப்ப நான் சொன்னேங்கிறதை "பறஞ்சேன்"ன்னு சொன்னா, பலாப்பழத்தை "சக்கை"ன்னு சொன்னா, "நீ மலையாளியா?"ன்னு கேட்பாங்க. திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேரணும்னு 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூட்டுல செத்தவங்களோட ஊர்க்காரன்கிட்ட கேட்கிற கேள்வி. அதனாலதானோ என்னவோ, அந்தப் பாட்டி முகம் போகவே மாட்டேங்குது.

தக்கலைப் பொண்ணு:

அண்ணே, உங்க வருத்தம் புரியுது. ஆனா அந்த டீ கொடுத்த பொண்ணை விட்டுக்கொடுக்க என்னால முடியல. நான் படிச்சது மேற்கில, இவானோ-பிராங்கிவ்ஸ்க்ல. முதல் நாள் காலையிலயே எங்க ஊர் விமான நிலையத்துல குண்டு விழுந்துது. அந்தப் பக்கம் முதல் உலகப் போர் வரைக்கும் ஆஸ்திரிய சாம்ராஜ்யம், அப்புறம் போலந்து, 1939-க்கு அப்புறம்தான் சோவியத். கிழக்கு அதுக்கு ரொம்ப முந்தியே ஜார் ஆட்சியில. உக்ரைன் மொழியில புத்தகமே அச்சடிக்கக் கூடாதுன்னு 1876-ல ஜார் ஆணை போட்டார். அந்த வரலாற்றோட வளர்ந்தவளுக்கு, ஏவுகணை விழுற வாரத்துல ரஷ்ய மொழி காதுல விழுந்தா எப்படி இருக்கும்?

அதுக்காக கிழக்குக்காரங்க ரஷ்யா பக்கம்னு யாரும் நினைக்க வேண்டாம். 1991 டிசம்பர் 1 வாக்கெடுப்புல நாடு முழுக்க 90 சதவீதத்துக்கு மேல தனி நாடுன்னு வாக்குப் போட்டாங்க. கார்கிவ், தோனெட்ஸ்க் மாகாணங்கள்லயே 80-க்கு மேல. கிரிமியாவுலதான் 54. ரஷ்ய நாட்டு ஆளான்னு பார்க்க சோதனைச் சாவடியில "பாலியானித்சியா" சொல்லுன்னு கேட்பாங்களே, அந்த ரொட்டிப் பேரு, அதை கார்கிவ்ல ரஷ்ய மொழி பேசுறவங்களும் சரியாத்தான் சொல்லுவாங்க, சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தவங்க. எல்லைக்கு அந்தப் பக்கத்துல இருந்து வந்தவனுக்குத்தான் நாக்கு புரளாது.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். படிப்பை முடிக்க நான் 2022 செப்டம்பர்ல திரும்பிப் போனேன். வீட்டுக்காரம்மா வீட்டுல ரஷ்ய மொழி பேசக் கூடாது, பாட்டு கூட வைக்கக் கூடாது. அவங்க பாட்டியை சைபீரியாவுக்கு அனுப்பினவங்க மொழின்னு சொல்லுவாங்க. பக்கத்து அறையில மரியுபோல்ல இருந்து தப்பி வந்த ஒரு அம்மாவும் நாலு வயசுப் பிள்ளையும். அக்டோபர்ல மின் நிலையங்கள் மேல அடிக்க ஆரம்பிச்ச பிறகு தினமும் கரண்ட் போகும். ஒரு ராத்திரி இருட்டுல அந்தப் பிள்ளை "விளக்கு எப்ப வரும்?"னு ரஷ்ய மொழியில அழுதுது. தாய் தூங்கிட்டிருந்தாங்க போல. வீட்டுக்காரம்மா மெழுகுவர்த்தியோட போய் அது பக்கத்துல உட்கார்ந்தாங்க. "இப்ப வந்துரும் குட்டி, இப்ப வந்துரும்"னாங்க. ரஷ்ய மொழியில. அவங்க வாயில இருந்து அந்த மொழி வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சோவியத் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பாங்க, மறக்கல.

காலையில அடுக்களையில எல்லாம் பழையபடி உக்ரைன் மொழிதான். நானும் எதுவும் கேட்கல.

களியக்காவிளைத் தாத்தா:

பேரன் தட்டச்சு செய்கிறான். எனக்கு வயது 78.

மகளே, வாக்கு எண்ணிக்கை சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு ஊரில் இருக்கிறவர்கள் நாட்டோடு நிற்கிறார்களா என்பதை வாக்குப்பெட்டியை வைத்து மட்டும் நாங்கள் அறிந்துகொள்ளவில்லை. என் தகப்பனார் 1954-ல் புதுக்கடைக்குப் போன கூட்டத்தில் இருந்தவர். எங்கள் வீட்டுக்கு எதிரே தேநீர்க்கடை வைத்திருந்தவர் மலையாளத்துக்காரர், திருவிதாங்கூர் உடையக் கூடாது என்று பேசியவர். 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. தகப்பனார் அந்தக் கடைப்படியே மிதிக்கவில்லை. நெய்யாற்றின்கரை போய்விட்டதே என்று இவருக்கு மனத்தாங்கல், நாகர்கோவில் போய்விட்டதே என்று அவருக்கு.

1965 ஜனவரியில் நானும் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனேன். அதே வருஷம் செப்டம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம். கடையில் எப்போதும் திருவனந்தபுரம் ரேடியோதான், மலையாளச் செய்தி. ஒரு நாள் மாலை அவர் முள்ளைத் திருப்பித் திருச்சி நிலையத்தைப் பிடித்தார். கரகரவென்று தமிழ்ச் செய்தி வந்தது. வாசலுக்கு வந்து தகப்பனாரைப் பார்த்து, "வாரும், கேளும்" என்றார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார். இரண்டு பேரும் நின்றுகொண்டே கேட்டார்கள், உட்காரவில்லை.

நாங்கள் ஜனவரியில் ஊர்வலம் போனதை அந்த செப்டம்பரில் யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. அண்ணாதுரை சீன யுத்தத்துக்குப் பிறகு 1963-ல் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். ஆனால் மொழிக் கோரிக்கையை யாரும் கைவிடவில்லை, கைவிட வேண்டியும் இல்லை. போர் வந்தால் எல்லோரும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பாட்டியைத் திருத்தியிருக்க வேண்டாம். டீயை மட்டும் கொடுத்திருக்கலாம்.

சுமி அப்பா, நாகர்கோவில்:

என் மகள் உக்ரைனின் சுமி நகரில் படித்தாள். ரஷ்ய எல்லைக்குப் பக்கம். தண்ணீர் நின்றுபோய் பனியை உருக்கிக் குடித்த பிள்ளைகளில் ஒருத்தி. மார்ச் 8-ல்தான் சுமார் 700 பேரையும் பஸ்ஸில் போல்டாவாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தின நாள் போனில், "வழியில் யாராவது கேட்டால் ரஷ்ய மொழியில் பேசும்மா, உனக்கு நல்லா வருமே" என்று சொன்னேன். "அப்பா, இப்ப அதைச் சத்தமாப் பேச பயமா இருக்கு" என்றாள். வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குத் தப்பான யோசனை சொன்னோமே என்று கை நடுங்கியது.

இனி வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். போகும் ஊரில் எந்த மொழி என்று மட்டும் பார்க்காதீர்கள், அந்த நாட்டின் ஆட்சி மொழி எது என்றும் பாருங்கள். உக்ரைனில் 2019-லேயே அரசு மொழிச் சட்டம் வந்துவிட்டது, எங்களுக்குத் தெரியவில்லை. விடுதியில் ஒரு மொழி, ஆபீஸில் ஒரு மொழி என்றால் இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள், நூறு வார்த்தை போதும், நன்றி, தண்ணீர், உதவி, மருத்துவ மாணவி என்பதாவது. போய் இறங்கின வாரமே தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல் நகல் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும், பிள்ளையின் மெயிலிலும் ஒன்று. ஏ.டி.எம். காலியாகிவிடும், கொஞ்சம் டாலர் ரொக்கம் தனியே வைக்க வேண்டும். பட்டாளம் போகும் வீடியோவை யாருக்கும் அனுப்பக் கூடாது. எல்லையில், "உங்கள் நாடு ஐ.நா.வில் ஏன் வாக்களிக்கவில்லை?" என்று பிள்ளைகளைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லப் போகக் கூடாது, நாங்கள் மாணவர்கள் என்று மட்டும் சொல்லி நகர வேண்டும். மருத்துவம் என்றால் ஆங்கிலத்தில் 54 மாதப் படிப்பும், அங்கேயே 12 மாதப் பயிற்சியும் இருந்தால்தான் இங்கே செல்லும் என்று 2021 நவம்பர் விதி, அதையும் சேரும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜெண்ட் சொல்வதை நம்ப வேண்டாம்.

பழவிளை முகாம்:

தக்கலை அக்கா, அந்த ரொட்டிப் பேரை நீங்க லேசா எழுதிட்டீங்க. எனக்கு அதுக்கு மேல வாசிக்க ஏலாமப் போச்சு.

நான் இங்க இலங்கை அகதிகள் முகாம்லதான் பிறந்தேன். அம்மா 1990-ல மண்டபம் வழியா வந்தவா. 1983 ஜூலைல தமிழருக்கு எதிரான கலவரம் நடக்கேக்க அவா கொழும்புல, வெள்ளவத்தையில. பஸ்ஸை மறிச்சு ஏறினவங்கள் ஒவ்வொருத்தரிட்டயும் ஒரு வாளியைக் காட்டி, இது என்ன எண்டு கேட்டாங்களாம். சிங்களத்துல "பால்திய". தமிழர் வாயில அது "வால்திய" ஆகிடும். அம்மாவுக்குச் சிங்களம் நல்லா வரும், சரியாச் சொல்லிட்டா. அவாவுக்கு ரெண்டு சீட் முன்னால இருந்தவருக்கு வரேல்ல. அதுக்கு மேல அம்மா சொல்ல மாட்டா. இப்பவும் எங்கட வீட்டுல வாளியை "தண்ணிப் பாத்திரம்" எண்டுதான் சொல்லுவா.

அங்க எதிரி நாட்டுக்காரனைக் கண்டுபிடிக்கத்தான் எண்டு சொல்லுறீங்க. சரி, குண்டு விழுற ஊருல அது வேணும்தான். ஆனா கேட்கிறவனுக்கு அண்டைக்கு என்ன மனநிலையோ அதைப் பொறுத்துத்தான் எல்லாம். வார்த்தையைச் சரியாச் சொன்னவளுக்கும் அது வாழ்நாள் முழுக்கக் கிடக்குது, அக்கா.

தக்கலைப் பொண்ணு:

மன்னிச்சுக்கோ தங்கச்சி. நான் அதை அப்படி எழுதியிருக்கக் கூடாது. அங்க சாவடியில எங்க பஸ்லயும் ஒரு பெரியவரைச் சொல்லச் சொன்னாங்க, அவர் பயத்துல ரெண்டு தடவை திக்கினார். மூணாவது தடவை சரியா வந்துது. பஸ்ஸே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்துது. எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரல, இப்ப வருது.

விளவங்கோட்டான்:

தாத்தா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். சுமி அப்பாவுக்கு: நல்லதுக்குத்தான் சொல்றிய, ஆனா நூறு வார்த்தை அந்தப் பாட்டிக்கும் தெரியும் அண்ணாச்சி. பிரச்சனை வார்த்தை தெரியாதது இல்ல.

ஒண்ணு மட்டும் சேர்த்துடுறேன். கார்கிவ்ல எனக்கு உடற்கூறு எடுத்த டீச்சர் போன வாரம் குரல் செய்தி அனுப்பியிருந்தாங்க. ஊரை விட்டுப் போகல, இப்பவும் அங்கதான். எங்களுக்கு எப்பவும் ரஷ்ய மொழியில பேசினவங்க. இந்தத் தடவை உக்ரைன் மொழியில ஆரம்பிச்சாங்க, நடுவுல ரஷ்யன் வந்துட்டு, திரும்ப உக்ரைன். அங்க அந்தக் கலப்புப் பேச்சுக்கு சுர்ஜிக்னு பேரு, கிண்டலாச் சொல்லுவாங்க. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. படந்தாலுமூட்டுல எங்க பெரியம்மை தமிழும் மலையாளமும் கலந்து பேசுற மாதிரியே இருந்துது.

பதில் இன்னும் அனுப்பல. எந்த மொழியில ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. "தியாக்குயு"ன்னு போட்டா, அவங்களையும் நான் திருத்துற மாதிரி ஆயிடுமோன்னு இருக்கு.