திருமணிமுத்தாற்றுக்குத் தலை எது: மஞ்சவாடியா, ஏற்காடா?

அஸ்தம்பட்டிக்காரன்:
நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. "திருமணிமுத்தாறு ஏற்காடு ஏரியில் பிறந்து, சேலம் வழியாகக் காவிரிக்குப் போகிறது" என்று மாமா ஒரு படம் அனுப்பினார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது மஞ்சவாடி. அரூர் ரோட்டில் வருமே, அந்தக் கணவாய்ப் பக்கம். மாமா சொல்வது தப்புதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.
அப்புறம் இன்னொன்று, கோபப்படாதீங்க. சுகவனேசுவரர் கோயில் பக்கம் நான் பார்த்து வளர்ந்தது ஆறே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற சாக்கடை. சாக்கடைக்கு எதுக்குத் தலையும் வாலும்?

மலைக்காத்து:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். மாமா பாதி தப்பு, நீங்களும் பாதி தப்பு. ஏரி நிரம்பினால் கிளியூர் அருவியில் போய் விழும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏரி என்பது வழியில் இருக்கிற ஒரு கிண்ணம், அவ்வளவுதான். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையைக் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி நினைத்துப் பாருங்க. மழை எல்லாப் பக்கமும் வழியும். வடகிழக்கே வழிவது வாணியாறாகி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் போய்த் தென்பெண்ணையில் சேர்கிறது. மேற்கே வழிவது சரபங்கா, ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்கு. தெற்கே வழிவதுதான் உங்கள் ஆறு.
எங்கள் காபித் தோட்டத்தில் ஒரு மேட்டுப்பாதை இருக்கிறது. அதன் இடது பக்கம் விழுகிற சொட்டு கடலூரில் கடலைப் பார்க்கும். வலது பக்கம் விழுவது சேலத்துக்காரன் மூக்கைப் பொத்துகிற இடத்துக்கு வரும். இதில் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு "இதுதான் தலை" என்று எப்படிச் சொல்வது?

ஸ்கேல்பென்சில்:
இப்படிப் பேசினால் உலகத்தில் எந்த ஆற்றுக்கும் தலை இருக்காது. முகத்துவாரத்திலிருந்து அளந்துகொண்டு போனால் எந்தக் கிளை நீளமோ, அதன் உச்சிதான் தலை என்பது ஒரு கணக்கு. இந்த ஆறு பரமத்தி வேலூர் பக்கம் நன்செய் இடையாற்றில் காவிரியில் சேர்கிறது. அங்கே நூலைப் பிடித்து மேலே அளந்தால் விடை வந்துவிடும். மாமாவும் வேண்டாம், மேட்டுப்பாதையும் வேண்டாம். மஞ்சவாடி என்று புத்தகத்தில் போட்டவர்களும் சும்மா போட்டிருக்க மாட்டார்கள்.

மலைக்காத்து:
நூல் வைத்து அளக்க ஓடையில் தண்ணீர் ஓட வேண்டும், நண்பரே. எங்கள் பாட்டி காலத்தில் பலாமரத்தடியில் ஓர் ஊற்று இருந்தது. சித்திரையிலும் கையால் அள்ளிக் குடிக்கலாம். இப்போது அதே இடத்தில் சில்வர் ஓக் சருகு முழங்கால் உயரம் கிடக்கிறது. நான்கு தோட்டம் தள்ளி போர் (ஆழ்துளைக் கிணறு) போட்ட இரண்டாம் வருடம் ஊற்று நின்றுபோனது. வருடத்துக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிற மலையில் நாங்கள் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். காட்டுக்குள்ளேயே வற்றுகிற ஆற்றுக்கு எந்தக் கிளையை அளப்பீங்க?

ஆத்தோரத்துக்காடு:
ஏனுங்க, தலையையே தடவிக்கிட்டு இருக்கீங்க. நான் ஆட்டையாம்பட்டிக்குக் கீழே, நாமக்கல் மாவட்டத்து ஆள். முதலில் ஒரு சொல். மலைக்காத்து "காடு" என்றால் மரம். எங்களுக்குக் "காடு" என்றால் குச்சிக்கிழங்கும் சோளமும் போட்ட நிலம். ஒரே ஆறு, மேலே ஒரு காட்டில் இறங்கி, கீழே இன்னொரு காட்டைத் தொட்டுப் போகிறது.
அஸ்தம்பட்டிக்காரர் சாக்கடை என்கிறார். சரி, சாக்கடைதான். ஆனால் மாசி முதல் ஆடி வரை எங்கள் பக்கம் ஓடுவதே அது மட்டும்தான். மலையிலிருந்து ஒரு சொட்டு வராது. நீங்கள் குளிச்சு, துவைச்சு, சாயம் முக்கி விட்டதுதான் எங்கள் கிணற்றில் ஊறுகிறது. சரபங்கா பக்கம் 100 ஏரிக்கு மேட்டூர் உபரிநீர் கொண்டுபோக 565 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. எங்களுக்கு வருவது சேலத்து உபரி.

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்படியென்றால் சாக்கடையை நிறுத்தக் கூடாது என்கிறீர்களா? சுத்திகரிப்பு, பாதாளச் சாக்கடை என்று நாங்கள் இங்கே கத்துவது உங்களுக்கு எதிராகவா? அந்தத் தண்ணீரில் விளைந்ததை நாங்கள்தானே சாப்பிடுகிறோம்.

ஆத்தோரத்துக்காடு:
நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கழுவி அனுப்புங்கள் என்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. சுத்தம் பண்ணின தண்ணீரை வேறெங்கோ திருப்பிவிட்டு, "ஆறு சுத்தமாகிவிட்டது" என்று படம் பிடித்துப் போட்டால் எனக்கு மிஞ்சுவது மணல்கூட இல்லாத வாய்க்கால்.
சாப்பாடு பற்றிக் கேட்டீங்க. போன வருடம் காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் உறிஞ்சுகிற குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வைத் தூக்கிப் பார்த்தேன். ஷாம்பு பாக்கெட், தலைமுடி, ஒரு குழந்தைச் செருப்பு. பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினால் வரப்பு ஓரம் நுரை, அதில் லேசாக ரோஸ் கலர். எங்கள் ஊரில் நுரையைப் பார்த்தே மேலே என்ன கலர் முக்கினார்கள் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் காட்டில் இப்போது நெல் போடுவதில்லை. தென்னையும் தீவனப்புல்லும்தான். மாடு குடிக்காது, புல்லை மட்டும் தின்னும்.

ஸ்கேல்பென்சில்:
இது வேறு விவாதமாகப் போகிறது. கேள்வி தலை எது என்பதுதான்.

மலைக்காத்து:
வேறு இல்லை. ஏற்காடுதான் தலை என்று ஒத்துக்கொண்டால், போர் போடுவதற்கும் மரம் வெட்டுவதற்கும் கீழே இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம். மஞ்சவாடி என்று ஒரு புள்ளியோடு முடித்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நிம்மதி. அதனால்தான் நான் புள்ளி வேண்டாம் என்கிறேன்.

ஸ்கேல்பென்சில்:
நியாயம் வேறு, நிலவியல் வேறு. உங்களுக்கு வசதியான விடையை மலை சொல்லாது. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நான் சேலத்தில் இருந்தேன். மலைப்பாதையில் மண்சரிவு, ஏற்காட்டுக்குப் போக வழியில்லை. கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறிப் போகிற உயரத்திலிருந்து தண்ணீர் நேராக இறங்கினால் ஊருக்கு எவ்வளவு நேரத்தில் வரும்? மழை விட்ட பிறகும் ஆறு ஏறிக்கொண்டே இருந்தது. செம்மண் கலர், நாற்றமே இல்லை. அன்றைக்கு யாரும் அதைச் சாக்கடை என்று சொல்லவில்லை.

அஸ்தம்பட்டிக்காரன்:
உண்மைதான். அன்றைக்கு எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். "ஆறு வந்துருச்சு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், என் வாயிலும் அதுதான் வந்தது. கன்னங்குறிச்சி புது ஏரியும் மூக்கனேரியும் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று அப்பா சொன்னார். மூக்கனேரியை 2010-இல் தூர் வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் தீவுகளாகக் குவித்து மரம் வைத்தார்களே, அதைச் சின்ன வயதில் போய்ப் பார்த்திருக்கிறேன்.
சரி, சாக்கடை என்றதைத் திரும்பப் பெறுகிறேன், மழைக்காலத்துக்கு மட்டும். மாமாவுக்கு என்ன பதில் போடட்டும்?

ஸ்கேல்பென்சில்:
மஞ்சவாடி என்று போடுங்க.

மலைக்காத்து:
தெற்குச் சரிவு முழுக்க என்று போடுங்க.

ஆத்தோரத்துக்காடு:
ஒன்றும் போடாதீங்க. மாமாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வாங்க. விடியற்காலை வந்தால்தான் நுரை நல்லாத் தெரியும், வெயில் ஏறினால் அடங்கிவிடும். வரும் வழியில் உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம், அதுவும் ஆற்றோரம்தான். செருப்பு மட்டும் பழசாப் போட்டுக்கிட்டு வாங்க.