வீடு விற்கும்போது என் இனத்திற்கு ஒரு விலையா?

பொங்கோல்வாசி:
என் பாட்டனாரின் தந்தை நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவர்; சிங்கப்பூரில் நாங்கள் நான்காம் தலைமுறை. எங்கள் நான்கறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை விற்க முயன்று ஏழு மாதங்கள் ஆகின்றன. பார்க்க வந்த சீனக் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடு பிடித்திருந்தும், ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்திலும், ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு விகித வரம்பு உண்டு; எங்கள் புளோக்கில் சீனர்களுக்கானது நிரம்பிவிட்டதால் அவர்களுக்கு நான் விற்க இயலாது. அதே மாடியிலிருந்த சீன அண்டை வீட்டார் ஒரு சீனருக்கு விற்று மூன்றே வாரத்தில் குடிபெயர்ந்தார். விற்பவரும் வாங்குபவரும் ஒரே இனமென்றால் கணக்கு மாறாதல்லவா? எனக்கு வந்த ஒரே விலையோ அவருக்குக் கிடைத்ததைவிட நாற்பதாயிரம் வெள்ளி குறைவு. இந்த வரம்பை வகுத்த, 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையை நான் வெறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் கலந்து வாழ்வதற்கான செலவைச் சிறுபான்மையினர் தலையில் மட்டும் ஏற்றுவது முறைதானா?

பழைய கம்பத்துக்காரர்:
அம்மா, 1964 ஜூலை சீன-மலாய்க் கலவரத்தின்போது எனக்கு எட்டு வயது. ஊரடங்கு நாள்களில் பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி எங்களுக்குச் சோறு அனுப்பியதும், அதே தெருவில் ஆள்கள் வெட்டுக்கத்தியுடன் ஓடியதும் ஒருசேர நினைவிலிருக்கின்றன. பிற்காலத்தில் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும் ஹவ்காங்கில் சீனர்களும் திரளத் தொடங்கியபோது, தேசிய வளர்ச்சி அமைச்சராயிருந்த எஸ். தனபாலன் இந்த வரம்பைக் கொண்டுவந்தார், அவரும் தமிழர்தான். கொள்கை வேண்டும் என்பதே என் கருத்து. எனினும் உங்கள் நாற்பதாயிரத்துக்கு அது விடையாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விற்க முடியாமல் தவிப்போரின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கப் பரிசீலிக்கும் ஏற்பாடு 2022இல் வந்ததே, விண்ணப்பித்தீர்களா?

திருச்சிக்காரன்:
உங்களுக்கு ஒரு வரம்பு. ஒன்பது ஆண்டுகளாக நிரந்தரவாசியாக இருக்கும் எனக்கு இரண்டு. 2010இல் இந்தியர், மற்றவர் பிரிவின் வரம்பு பேட்டைக்கு (பல புளோக்குகள் சேர்ந்த வட்டாரத்துக்கு) 12, புளோக்கிற்கு 15 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆண்டில் மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குப் பேட்டையில் 5, புளோக்கில் 8 என்ற தனி வரம்பும் வந்தது. வாடகைக்கு வீடு தேடிய நாளில், என் பெயரைக் கேட்டதுமே அறை போய்விட்டது என்றார் ஒரு சீன உரிமையாளர். அதைவிட வலித்தது, தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஒரு சிங்கப்பூர்த் தமிழர் என் பேச்சைக் கேட்டு, "நீங்கள் ஊர்க்காரரா?", அதாவது இந்தியாவிலிருந்து வந்தவரா, என்று கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டதுதான். அரசாங்கக் கணக்கில் நாம் ஒரே இனம். கடை வரிசையில் இரண்டு.

இரட்டைக்கோடு:
என் அப்பா தமிழர், அம்மா ஹொக்கியன் சீனர். 2011இல் இரட்டை இனப் பதிவுக்கு வழி பிறந்ததும் "இந்தியர்-சீனர்" என்று பதிந்துகொண்டேன். வீடு வாங்கும்போது பதிவில் முதலில் வரும் இனமே கணக்கு என்பதால் உங்கள் வீட்டை நான் வாங்கலாம், கையில் பணமில்லை என்பதைத் தவிர. வரிசையை மாற்றி எழுதியிருந்தால் முடியாது. அம்மாவுக்கு இது இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

பொங்கோல்வாசி:
கழகத்திடம் இன்னும் விண்ணப்பிக்கவில்லை, ஐயா. இந்த வாரம் செய்கிறேன். திருச்சிக்காரரே, போன மாதம் மதுரைத் தம்பதியர் வீடு பார்க்க வந்தபோது, அறைகளைக் காட்டுவதற்கு முன்பே நானும் "ஊரிலிருந்து வந்து எத்தனை ஆண்டு?" என்றுதான் தொடங்கினேன். அவர்கள் பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. விலை குறைவாகக் கேட்பார்கள் என்று நானே முடிவு செய்து முகவரிடம் சொல்லியும் விட்டேன். சனிக்கிழமை மறுபடி அழைத்துவர முடியுமா என்று இன்று காலை அவரிடம் கேட்டிருக்கிறேன்.